ஏழு பவுண்டு மூடி

பெட்டிக்குள் படுத்திருந்த சிலுவைமுத்துவுக்கு இனி எந்த அவசரமும் இல்லை. அவசரமெல்லாம் டிரைவர் இக்னேஷியஸுக்குத்தான். திருவொற்றியூர் தேரடியைத் தாண்டி இருநூறு கஜம்கூட வண்டி வந்திருக்காது, பானட் இடுக்கிலிருந்து ஆவி கிளம்பிவிட்டது.

அது ராயபுரத்துப் பங்குக் கோயிலின் அடக்கச் சங்கத்துச் சவ வண்டி. யுத்தம் முடிந்ததும் மிலிட்டரிக்காரர்கள் ஏலத்தில் கழித்துவிட்ட வேன். அதற்குக் கறுப்புப் பெயிண்ட் அடித்து, மேலே ஒரு சிலுவையை நட்டு, இருபத்தைந்து வருஷமாக ஓட்டிக்கொண்டிருந்தார்கள். உள்ளே பெட்டியின் இரண்டு பக்கமும் சொந்தக்காரர்கள் உட்கார்ந்து அழுவதற்குப் பெஞ்சு உண்டு. இன்றைக்கு இரண்டு பெஞ்சும் காலி.

பெட்டியை வண்டியில் ஏற்றவே ஆள் கிடைக்கவில்லை. ஒரு முனையை இக்னேஷியஸ் பிடித்தான். மறுமுனைக்குத் தெருவில் போன ரிக்‌ஷாக்காரர் ஒருவரைக் கெஞ்சிக் கூப்பிட வேண்டியிருந்தது. சிலுவைமுத்துவுக்கு அறையை வாடகைக்கு விட்டிருந்த வீட்டுக்காரர்கள் வாசற்படியோடு நின்றுகொண்டார்கள். மறுநாள் அவர்கள் வீட்டில் நிச்சயதார்த்தம். அறை எப்போது காலியாகும், கழுவிவிட எவ்வளவு நேரம் ஆகும் என்பதுதான் அவர்கள் கவலை.

"ஐஞ்சு மணி வரைக்கும்தான் நிப்பேன், இக்னேஷியஸ். அப்புறம் ரயிலப் புடிச்சாகணும். மீஞ்சூர்ல பூசை இருக்கு" என்று காலையிலேயே சாமியார் சொல்லிவிட்டார்.

ஐந்து மணிக்குள் காசிமேட்டுக் கல்லறைக்குப் போகாவிட்டால் ஜெபம் இல்லை, தீர்த்தம் இல்லை. குழிவெட்டியும் இக்னேஷியஸும் சேர்ந்து கேட்பாரற்ற பிணத்தைப் புதைப்பதுபோல் புதைத்துவிட்டு வரவேண்டியதுதான். இப்போது மணி மூன்று.

இக்னேஷியஸ் கீழே இறங்கி, பானட்டைத் தூக்கி, கைத்துணியைச் சுற்றி ரேடியேட்டர் மூடியைத் திருகினான். புஸ்ஸென்று ஒரு சத்தம். உள்ளே மிச்சமிருந்த வெந்நீர் முழுவதும் பொங்கி அவன் சட்டையில் பாதியையும் ரோட்டில் பாதியையும் நனைத்துவிட்டு ஓய்ந்தது.

அப்போதுதான் அவனுக்குச் சிலுவைமுத்து சொன்னது நினைவுக்கு வந்தது. "சூடா கீறப்போ மூடியத் தொறக்காத." இந்த ஒரு வாக்கியத்தை அவர் அவனிடம் நாற்பது தடவையாவது சொல்லியிருப்பார். காதில் வாங்கினால்தானே.

சிலுவைமுத்து துறைமுக ஒர்க்‌ஷாப்பில் முப்பத்தொரு வருஷம் ரேடியேட்டர் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஓய்வுக்குப் பிறகு அவருக்கு இருந்த ஒரே வேலை, ரோட்டில் போகிற வண்டியை நிறுத்திப் பானட்டைத் தொட்டுப் பார்ப்பது. பிறகு மூடியைப் பற்றி ஆரம்பிப்பார். எத்தனை பவுண்டு மூடி, எந்த வண்டிக்கு எது, ஏன், எதனால் என்று அரைமணி நேரம் போகும். தூரத்தில் அவர் தலை தெரிந்தாலே டிரைவர்கள் சந்தில் திரும்பிவிடுவார்கள். மனுஷன் மோசமில்லை, பேச்சுத்தான் நீளம்.

இக்னேஷியஸுக்கு இதில் தனியாக ஒரு குற்ற உணர்ச்சி இருந்தது. சவ வண்டி டிரைவருக்கு யாரும் கை கொடுப்பதில்லை. கல்யாணத்துக்குக் கூப்பிடுவதில்லை. அவன் எதிரே வந்தால் பெண்கள் சிலுவை போட்டுக்கொள்வார்கள், மற்றவர்கள் ஒதுங்கிப் போவார்கள். மனைவி செத்துப்போன இந்தப் பதினொரு வருஷத்தில் அவனை நிறுத்தி வைத்துப் பேசிய ஒரே ஆள் சிலுவைமுத்துதான். அந்த ஆளைப் போன மாதம் ராயபுரம் ஸ்டேஷனில் பார்த்தபோது, அவர் கை தூக்குவதைப் பார்த்தும் பார்க்காததுபோல் தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான். அவர் கையைக் கீழே இறக்கிக்கொண்டு கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார்.

"பெருசு, இன்னிக்காவது உங்கள ஐஞ்சு மணிக்குள்ள கொண்டுபோய் சேத்துர்றேன்" என்று பெட்டியைப் பார்த்துச் சொல்லிவிட்டுத் தண்ணீர் தேடிப் போனான்.

தெருமுனைக் குழாயடியில் பதினாறு குடம் வரிசையில் இருந்தது. அவன் வாயைத் திறக்குமுன்பே பெண்களின் கண்கள் அவனைத் தாண்டி வண்டிக்குப் போய்விட்டன.

"யக்கா, ஒரு குடம் தண்ணி."

"பொண வண்டிக்கா? வெள்ளிக்கெயமையும் அதுவுமா. போ நைனா அந்தாண்ட."

"வண்டிக்குத்தான் யக்கா, பொணத்துக்கு இல்ல."

"ரெண்டும் ஒண்ணுதான்."

வரிசையின் நடுவிலிருந்து ஓங்குதாங்கான ஒரு பெண் முன்னால் வந்தாள். பட்டம்மாள். இட்லிக்கடை வைத்திருப்பவள். அந்தக் குழாயடியில் அவள் வைத்ததுதான் சட்டம்.

"தண்ணி கேட்டா இல்லன்னு சொல்லக்கூடாது. ஆனா லைன்ல வா. உசுரோட கீறவங்களே லைன்லதான் நிக்கிறோம்."

"எங்கிட்ட குடம் இல்ல."

"எங்குடத்த வெச்சுக்கோ. பதினேயாவதா வெய்யி."

பதினாறு குடம் நிரம்பும்வரை இக்னேஷியஸ் நின்றான். குழாயில் தண்ணீர் வந்த வேகத்துக்குப் பெட்டிக்குள் இருப்பவரே எழுந்து வந்து சண்டை போட்டிருப்பார். ஒருவழியாகக் குடம் நிரம்பி, ரேடியேட்டரில் பாதி ஊற்றியதும் பட்டம்மாள் கையை நீட்டினாள்.

"குடத்த குடு."

"வழியில மறுபடியும் கொதிச்சா? மீதித் தண்ணி வோணுமே. நாளைக்கிக் கொண்டாந்து தரேன்."

"எங்கம்மா வூட்டு சீர்க்குடம் இது. ஒன்ன நம்பி வுட்டுட்டு நான் தூங்கறதா? நானும் வரேன். காசிமேட்ல எறக்கி வுடு."

அவள் குடத்தை மடியில் வைத்துக்கொண்டு பெட்டிக்குப் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்தாள். வண்டி கிளம்பியது.

"யாரு நைனா இது, உள்ள கீறது?"

"ரேடியேட்டர் சிலுவைமுத்து."

அவள் திரும்பிப் பெட்டியைப் பார்த்தாள்.

"அந்த ஆளா" என்றாள் பட்டம்மாள். "எங்கடைக்கி வந்தாரு. இட்லியத் துன்றத வுட்டுட்டு இட்லிப் பானை மூடியத் தடவிப் பாத்துகினு கீறாரு. ஆவி எல்லாம் வெளிய போவுது, கரி வேஸ்ட்டுன்னாரு. மறுநாளு அவரே ஒரு மூடி அட்ச்சி எடுத்துகினு வந்தாரு. மெய்யாலுமே பாதி கரி மிச்சமாச்சி."

"காசு வாங்கினாரா?"

"வாங்கல. ஆனா தெனம் வருவாரு. மூடிய பாக்க வந்தேன்னுவாரு. வந்தா போவமாட்டாரு. யாவாரத்தப் பாப்பனா, இவரு பேச்சக் கேப்பனா? ஒரு நாளு கோவத்துல இனிமே வராதன்னுட்டேன்." அவள் குடத்தின் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். "அத்தோட வரல."

டோல்கேட் நெருங்கும்போது மறுபடியும் ஆவி. இக்னேஷியஸ் வண்டியை ஒரு டீக்கடை முன்னால் ஓரங்கட்டினான். கடைக்காரர் நீலமேகம் இருபது வருஷம் லாரி ஓட்டிவிட்டுக் கடை வைத்தவர். அவருக்குத் தெரியாத வண்டி ரிப்பேர் கிடையாது. அவர் ரிப்பேர் செய்து ஓடிய வண்டியும் கிடையாது.

"இன்னாய்யா இது, மூடியப் போட்டு அமுக்கி வெச்சிக்கினு கீறே? உள்ள கீற சூடு எப்படி வெளிய போவும்? மூடியக் கழட்டிப் போட்டுட்டு ஓட்டு. ஆவி வெளிய போனா சூடும் அத்தோட போய்டும்."

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் சிலுவைமுத்து இதைப் பற்றியும் ஏதோ சொன்ன ஞாபகம். கோலி சோடாவை வைத்து விளக்குவார். கோலி மேலே அடைத்துக்கொண்டிருக்கும் வரைக்கும் சோடா பொங்காது, கோலியைத் தட்டிவிட்டால் பொங்கிவிடும் என்று ஆரம்பிப்பார். அப்புறம் என்ன சொன்னார்? சோடா என்றதும் இக்னேஷியஸுக்குத் தாகம் எடுத்து, கவனம் கடைப் பக்கம் போய்விட்டிருந்தது.

மணி நாலாகிவிட்டது. சூடு ஆறும்வரை நின்று, மீதித் தண்ணீரை ஊற்றி, மூடியைக் கழற்றிப் பக்கத்து சீட்டில் வைத்துவிட்டுக் கிளம்பினான்.

நாற்பது கஜம் நன்றாகத்தான் போனது. பிறகு திறந்த வாய் வழியாகத் தண்ணீர் கொப்பளித்து, பானட் இடுக்கில் பீறிட்டு, கண்ணாடி முழுவதும் துருச் சிவப்பாக வழிந்தது. முன்னால் ஒன்றும் தெரியவில்லை. இக்னேஷியஸ் பிரேக்கை மிதித்துக்கொண்டே ஸ்டியரிங்கை ஒடித்தான். வண்டி ரோட்டுக்குக் குறுக்கே திரும்பி நின்று, இரண்டு தடவை இருமி, அணைந்துபோனது.

பின்னால் எண்ணூரிலிருந்து ஷிப்ட் முடிந்த தொழிலாளிகளை அடைத்துக்கொண்டு வந்த பஸ் நின்றது. கண்டக்டர் விசில் ஊதினார். பிறகு இறங்கி வந்து ஊதினார். எத்தனை ஊதினாலும் சவ வண்டி நகரவில்லை.

நீலமேகம் கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தார்.

"நீ சொன்னதக் கேட்டுத்தான் இப்படி ஆச்சி" என்றான் இக்னேஷியஸ்.

"நான் சொன்னது கரீக்ட்டு. நீ ஸ்பீடாப் போயிருக்க வோணும். நவுரு, நான் காட்டறேன். கல்லறை வரைக்கும் கூட வந்து காட்டறேன்."

பஸ்ஸிலிருந்து இறங்கியவர்கள் முதலில் தூரத்தில் நின்றே பார்த்தார்கள். அவர்களில் அப்பாவு என்ற ஃபிட்டர் லுங்கியை மடித்துக் கட்டினார்.

"இங்கயே நின்னுகினு கீறதா? தள்ளிவுட்டாத்தான் நாம வூட்டுக்குப் போவலாம். புடிங்கப்பா."

இருபத்திரண்டு பேர் கை வைத்தார்கள். வண்டி கிறீச்சென்று நேராகி ஓரத்துக்கு வந்தது. வழி கிடைத்ததுதான் தாமதம், கண்டக்டர் இரட்டை விசில் கொடுத்தார். பஸ் கிளம்பிப் போய்விட்டது. இருபத்திரண்டு பேரும் கையில் துருக்கறையோடு அதைப் பார்த்தபடி நின்றார்கள்.

"அடப்பாவி. டிக்கெட்டு வாங்கிக்கீறேன் நான்" என்றார் ஒருவர்.

"அடுத்த பஸ்சு வர ஒரு மணி நேரம் ஆவும்" என்றார் அப்பாவு. "எப்படியும் நடந்துதான் போவணும். சொம்மா நடக்கறதுக்கு இத்தத் தள்ளிக்கினே போலாம். யாருப்பா உள்ள?"

இக்னேஷியஸ் சொன்னான். அப்பாவு ஒரு கணம் வண்டியிலிருந்து கையை எடுத்துவிட்டு மறுபடி வைத்தார்.

"அந்தப் பெருசா? எங்க கம்பெனி கேட்டாண்ட நின்னுகினு வர்ற லாரிய எல்லாம் நிறுத்துவாரு. வாட்ச்மேன் தொரத்துவாரு. ஒரு நாளு எங்க பாய்லர் ஏத்தின லாரியப் பாத்துட்டு, மூடி போச்சி, வழியில நிக்கும்னாரு. யாரும் கேக்கல. மீஞ்சூராண்ட நின்னுச்சி."

"எங்கிட்டயும் சொன்னாரு" என்றார் பின்னாலிருந்து இன்னொருவர். "என்னுது சைக்கிள். சைக்கிளுக்கு ரேடியேட்டர் ஏது? நிறுத்தி வெச்சி அரை மணி நேரம் சொன்னாரு."

சிலர் சிரித்தார்கள். அவர்களில் இரண்டு பேர் உடனே நிறுத்திக்கொண்டார்கள். வண்டி மெல்ல நகர்ந்தது.

நீலமேகம் மட்டும் விடவில்லை. மூடியைப் போட்டுக் கம்பியால் இறுக்கிக் கட்டிவிட்டால் என்ன என்று கேட்டார். வழிக்கடையில் தண்ணீர் வாங்கி ஊற்றிக் கட்டினார்கள். தள்ளிவிட்டு ஸ்டார்ட் செய்தார்கள். எல்லாரும் ஓடிவந்து பின்னால் தொற்றிக்கொள்வதற்குள் ஓரக்குழாய் வழியாகப் புகை போல் ஆவி வந்து, தண்டையார்பேட்டை மார்க்கெட் வாசலில் வண்டி நாலாவது தடவையாக நின்றது. இந்தத் தடவை எஞ்சினுக்குள் ஏதோ கடகடவென்று உடைகிற சத்தமும் கேட்டது. கீழே நீளமாக எண்ணெய் வழிந்தது.

மார்க்கெட் கடிகாரத்தில் நாலு இருபத்தைந்து.

இக்னேஷியஸ் ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டான். அழுகை வந்தது, ஆனால் இத்தனை பேர் நடுவில் அழ வெட்கமாக இருந்தது. கம்பியை அறுத்து மூடியை எடுத்துக் கையில் வைத்துப் பார்த்தான். அந்த நேரம் பார்த்து, சிலுவைமுத்து சொன்னதின் மீதிப் பாதி, கேட்டபோது காதில் ஏறாதது, வார்த்தை பிசகாமல் ஞாபகத்துக்கு வந்தது.

"மூடி இறுக்கமா கீறதால ஒண்ணும் ஆவாது, இக்னேசு. உள்ள ஒரு ஸ்பிரிங்கு கீது பாரு, அதான் வேலை செய்யிது. ஏயு பவுண்டு வரைக்கும் ஆவிய அமுக்கி வெச்சிக்கும். அமுக்கி வெச்சா தண்ணி லேசுல கொதிக்காது. நூறு டிகிரில கொதிக்க வேண்டியது நூத்திப் பத்தத் தாண்டினாலும் சொம்மா கெடக்கும். ஸ்பிரிங்கு போச்சின்னா, அது மூடி இல்ல, சொம்மா தொப்பி."

மூடியைத் திருப்பினான். ஸ்பிரிங் இருக்க வேண்டிய இடம் மொட்டையாக இருந்தது. தேய்ந்து உடையவில்லை. யாரோ பொறுமையாக, பிசிறில்லாமல் கழற்றியிருந்தார்கள்.

"கமாலு" என்றான் இக்னேஷியஸ் பல்லைக் கடித்துக்கொண்டு.

கமால் ராயபுரத்தில் வண்டி ஷெட்டுக்குப் பக்கத்தில் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக். துறைமுக ஒர்க்‌ஷாப்பில் சிலுவைமுத்துவுக்குப் பக்கத்து மேஜையில் பதினோரு வருஷம் வேலை பார்த்தவன். ஒரு சண்டையில் பிரிந்தவர்கள், பிறகு முகம் கொடுத்துப் பேசவில்லை என்று ஊருக்கே தெரியும். இன்று காலை வண்டியைப் பார்த்து, தண்ணீர் ஊற்றி, "எல்லாம் ஒயுங்கா கீது, எடுத்துகினு போ" என்று அனுப்பியவனும் அவன்தான். செத்த மனுஷன்மேல் இவ்வளவு வன்மமா?

"எயுந்திரு நைனா" என்றாள் பட்டம்மாள். "ஒக்காந்து கீறதுக்கா இவ்ளோ தூரம் வந்தோம்? ஐஞ்சு மணிக்குள்ள போவணும்னியே. தள்ளு."

தள்ளினார்கள். மார்க்கெட்டில் கூடை இறக்கிக்கொண்டிருந்த ஆறு பேர், வண்டி நகர்ந்தால்தான் தங்கள் வழி திறக்கும் என்று கை கொடுத்தார்கள், பிறகு விடத் தோன்றாமல் கூடவே வந்தார்கள். காசிமேட்டுக்குத் திரும்பியதும் கதை மாறியது. அது வேதக்காரர்கள் தெரு, எல்லாரும் கிறிஸ்தவ மீனவர்கள். வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள், முப்பது பேர் தள்ளிக்கொண்டு வரும் சவ வண்டியைப் பார்த்தார்கள். எஞ்சின் இருக்கும்போதே கையால் தள்ளுகிறார்கள் என்றால் அது மரியாதைக்காகத்தான் இருக்க வேண்டும், யாரோ பெரிய மனுஷர் என்று அவர்களே முடிவுகட்டிக்கொண்டார்கள். எழுந்து சிலுவை போட்டார்கள். வழக்கப்படி பத்தடி கூட நடந்தார்கள். பத்தடி கல்லறை வரைக்கும் நீண்டது.

ஐந்துக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போது சாமியார் குடையை எடுத்துக்கொண்டு கல்லறை வாசலுக்கு வந்தார். வெளியே போக வழியில்லை. தெரு நிறைய ஜனம்.

"யாருப்பா இவரு? எங்கிட்ட ஒருத்தரும் சொல்லலியே" என்றார்.

"ரேடியேட்டர் வேலை பாத்தவரு, சாமி" என்றான் இக்னேஷியஸ்.

சாமியார் கூட்டத்தைப் பார்த்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். குடையைச் சுவரில் சாய்த்து வைத்தார். மீஞ்சூர்க்காரர்கள் அடுத்த ரயில்வரை காத்திருக்கட்டும் என்று நினைத்திருக்க வேண்டும். ஜெபத்தைக் குறைக்காமல் முழுவதும் சொன்னார்.

பெட்டியை இறக்கியதும், "சொந்தக்காரங்க மொதல்ல மண்ணு போடுங்க" என்றார்.

யாரும் அசையவில்லை. நூறு பேர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். இத்தனை கூட்டத்திலும் அந்தக் குழியைச் சுற்றி ஒரு வெறுமை இருந்தது. இக்னேஷியஸால் அதைத் தாங்க முடியவில்லை. முன்னால் போய் ஒரு பிடி மண்ணை அள்ளிப் போட்டான். ஸ்டேஷன் தூணுக்குப் பின்னால் ஒளிந்ததற்கு மன்னிப்புக் கேட்டான், அதுவும் வாய்விட்டே கேட்டான். பட்டம்மாள் குடத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டே ஒரு பிடி போட்டாள். அப்புறம் நீலமேகம், அப்பாவு, பஸ்ஸைத் தவறவிட்டவர்கள், கூடைக்காரர்கள், வலைக்காரர்கள். குழிவெட்டிக்கு மண்வெட்டி போட மிச்சம் அதிகமில்லை.

வெளியே வந்தபோது வாசலில் சைக்கிளைப் பிடித்தபடி கமால் நின்றுகொண்டிருந்தான். கண்கள் சிவந்திருந்தன. இக்னேஷியஸ் நேராகப் போய் அவன் சட்டையைப் பிடித்தான்.

"செத்தவருகிட்டயா ஒன் கோவத்தக் காட்டுவ? நீ எல்லாம் ஒரு மனுசனா?"

கமால் கையைத் தட்டிவிடவில்லை. "எத்தினி பேரு வந்தாங்க?" என்று கேட்டான்.

"நூறு பேரு இருக்கும். பேச்ச மாத்தாத. வண்டி எஞ்சினே போச்சி. ஸ்பிரிங்கு எங்க?"

கமால் சட்டைப் பையிலிருந்து அந்த ஸ்பிரிங்கை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தான்.

"இத்தினி வருசம் கயிச்சி போன மாசம் அவரே வந்து, ஸ்பிரிங்கக் கயட்டி, மூடி ஸ்பிரிங்கு ரெண்டையும் எங்கைல குட்த்தாரு, 'நான் போற அன்னிக்கி இந்த மூடிய மாட்டி அனுப்பு கமாலு, என்னத் தூக்க நாலு பேரு வரமாட்டான், நடுரோட்ல வண்டி நின்னா தள்ளறதுக்கு நாப்பது பேரு வருவான்'னாரு."